அன்றாட வாழ்வில் தைரியம்: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் வாய்விட்டுக் கேட்கப்படும் கேள்விகள் சில. ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்கப்படுபவை பல. இரண்டு வகையும் இங்கே இருக்கின்றன. வசனங்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்படி.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன். எனக்கு விசுவாசம் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இப்படிக் கேட்பவர்களில் பலர், பயத்தைவிட ‘விசுவாசியாக இருந்தும் பயப்படுகிறேனே’ என்ற குற்றவுணர்விலேயே அதிகம் நொந்துபோயிருக்கிறார்கள். முதலில் அந்தச் சுமையை இறக்கி வைப்போம். ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்கிறது சங்கீதம் 56:3. பயமும் நம்பிக்கையும் அங்கே ஒரே நாளில், ஒரே வாயிலிருந்து வருகின்றன. கொரிந்துவுக்குத் தான் வந்த விதத்தைப் பவுல் ‘பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்’ என்று அந்தச் சபைக்கே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3). கெத்செமனேயில் இயேசு ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்’ தொடங்கினார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார் (14:33). ஆண்டவரே திகிலடைந்திருக்க, நாம் திகிலடைவது பாவம் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை.

வேதத்தில் ‘பயப்படாதே’ 365 முறை வருகிறதாமே, நாளுக்கு ஒன்றாக?

பிரசங்கங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் சுற்றிவரும் கணக்கு அது. உட்கார்ந்து எண்ணினால் வராது; எந்த விதமாக எண்ணினாலும் 365-க்கு வெகு கீழேயே நின்றுவிடும். அழகான செய்திதான், ஆனால் உண்மை இல்லை. தைரியத்தைப் பற்றிப் பேசும்போது பொய்க்கணக்கில் தொடங்குவது சரியாகவும் படவில்லை.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்தச் சொல்லை ஒட்டி என்ன வருகிறது என்று பாருங்கள். அநேகமாக ஒரு காரணம் வரும், பல இடங்களில் கூடவே ஒரு வேலையும் வரும். ஆபிராமிடம், ‘நீ பயப்படாதே, நான் உனக்குக் கேடகம்.’ ஏசாயா 41:10-இல், ‘நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்.’ கொரிந்துவில் பவுலிடம் இரவில், ‘நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே, நான் உன்னுடனேகூட இருக்கிறேன்.’ அதன்பின் அவர் அங்கே ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கிப் போதித்தார் என்கிறது அப்போஸ்தலர் 18. அந்தப் பதினெட்டு மாதங்களில் அவருக்கு நடுக்கம் நின்றுபோனதா என்று வேதம் சொல்லவில்லை. வேலை நடந்தது என்று மட்டும் சொல்கிறது. இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இடத்தைச் சுற்றியே வரும்.

எனக்குத் தைரியமான சுபாவமே கிடையாது. சிறுவயதிலிருந்தே இப்படித்தான். கடவுள் என்னை மாற்றுவாரா?

நியாயாதிபதிகள் 6, 7 அதிகாரங்களை ஒரே மூச்சில் படியுங்கள். மீதியானியருக்குத் தெரியாமல் கோதுமையைக் காப்பாற்ற, திராட்ச ஆலைக்கு அருகே பதுங்கிப் போரடித்துக் கொண்டிருந்தவன் கிதியோன். அவனைப் பார்த்துத்தான் தூதன் ‘பராக்கிரமசாலியே’ என்கிறார். கிதியோனுக்கே அது ஒட்டவில்லை. என் குடும்பம் மனாசேயில் மிகவும் எளியது, வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன் என்கிறான். அவனுக்குக் கிடைக்கும் பதிலில் புதிய சுபாவம் எதுவும் வாக்களிக்கப்படவில்லை. ‘உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ.’ கையில் இருப்பது கொஞ்சம்தான் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் அவன் பயந்துகொண்டேதான் இருக்கிறான். பாகாலின் பலிபீடத்தை இடிக்கச் சொன்னபோது, வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து அதை இரவில் செய்தான், பத்து வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு. கர்த்தர் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கங்களில் அவன் 300 பேரோடு மீதியானியரை வென்றது எப்போதும் வரும், இந்த இரவு வேலை வருவதே இல்லை. எனக்கு அந்த இரவுதான் பெரிதாகத் தெரிகிறது. பலிபீடம் இடிந்ததா இல்லையா? இடிந்தது.

ஆக, உங்கள் சுபாவம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். அது மாறும்வரை காத்திருந்தால் செய்ய வேண்டியது எதுவும் நடக்காது.

ஜெபம் செய்தால் பயம் போய்விடும் என்கிறார்கள். எனக்குப் போகவில்லையே?

சில நேரம் ஜெபத்தில் மனம் அமைதியாகிவிடும். அது கிடைத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார். நீங்கும்படி அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் அவர் எழுந்து, பிடிக்க வந்தவர்களை நோக்கி நடந்தார்.

அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் இன்னொரு ஜெபம் இருக்கிறது. இயேசுவைப் பற்றிப் பேசக் கூடாது என்று பேதுருவையும் யோவானையும் யூத ஆலோசனைச் சங்கத்தார் மிரட்டி அனுப்பிவிட்டார்கள். சபை கூடி ஜெபிக்கிறது. நாமாக இருந்தால் என்ன கேட்டிருப்போம்? மிரட்டியவர்களை அகற்றும், எங்களைக் காப்பாற்றும் என்று. அவர்களோ பயமுறுத்தல்களைக் ‘கவனித்து’க்கொள்ளும்படி கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு, வசனத்தை ‘முழு தைரியத்தோடும்’ சொல்ல அருள்செய்யும்படி கேட்கிறார்கள். ஆபத்து அங்கேயே இருக்கிறது, அடுத்த நாள் வேலைக்குப் பலம் கேட்கப்படுகிறது.

உங்கள் ஜெபத்தையும் அப்படிக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ‘ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும்’ என்பதோடு நிறுத்தாமல், ‘நாளை பத்து மணிக்கு அவரைப் பார்க்கும்போது நான் சொல்ல வேண்டிய அந்த ஒரு காரியத்தைச் சொல்ல உதவும்’ என்று கேளுங்கள். செய்ய வேண்டியது என்ன என்று தெளிவாகச் சொல்லிக் கேட்கும்போது, கூடவே அதைச் செய்யத் தயாராகியும் விடுகிறோம்.

தானியேல், எஸ்தர், இரத்தசாட்சிகள் எல்லாம் பெரிய ஆட்கள். என் வாழ்க்கையில் சிங்கக் கெபி எதுவும் இல்லையே?

இருக்கத் தேவையில்லை. மருத்துவப் பரிசோதனை முடிவை வாங்கப் போவது. கடன் எவ்வளவு என்று மனைவியிடமோ கணவனிடமோ மறைக்காமல் சொல்வது. எல்லோரும் ஒருவரைக் கேலி செய்யும்போது சிரிக்காமல் இருப்பது. துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாவிட்டாலும் போய் உட்காருவது. ‘எனக்குத் தெரியாது’ என்று கூட்டத்தில் சொல்வது. இவற்றில் ஒன்றாவது பெரும்பாலோருக்கு இந்த வாரத்திலேயே காத்திருக்கும்.

நம்மை முடக்குவது பெரும்பாலும் மனிதர்களைப் பற்றிய பயம்: என்ன நினைப்பார்கள், என்ன சொல்வார்கள், ஒதுக்கிவிடுவார்களோ. ‘மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்’ என்று நீதிமொழிகள் 29:25 சொல்வது இதைத்தான்.

வேதத்திலும் எல்லாத் தைரியமும் சிங்கங்களுக்கு முன்னால் நடப்பதில்லை. பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாத மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் தங்கள் அன்றாட வேலையைச் செய்தார்கள், அவ்வளவுதான். யாத்திராகமம் அந்தப் பார்வோனின் பெயரைச் சொல்லவில்லை. அந்த இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறது. நிக்கொதேமுவின் தைரியம் மெதுவாக வளர்ந்தது. யோவான் 3-இல் இராக்காலத்தில் வருகிறார். 7-இல், ஒருவனை விசாரிக்காமல் தீர்க்கலாமா என்று தன் சகாக்கள் நடுவே ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். உடனே அவரையே மடக்குகிறார்கள். 19-இல், சீஷர்கள் ஓடிப்போன பிறகு, ஏறக்குறைய நூறு இராத்தல் வாசனைத் திரவியங்களோடு சிலுவையில் அறையப்பட்டவரை அடக்கம்பண்ண வருகிறார். நூறு இராத்தலை யாரும் மறைத்துத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

வேலையிடத்தில் கணக்கில் பொய் எழுதச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போகும். விசுவாசி என்ன செய்வது?

கையெழுத்துப் போடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால்தான் கேட்கிறீர்கள். எப்படி மறுப்பது என்பதைப் பேசுவோம்.

தானியேல் முதல் அதிகாரத்தில் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தீர்மானிக்கிறான். ஆனால் தட்டைத் தள்ளிவிட்டு முழக்கமிடவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொள்கிறான். அவர் ராஜாவுக்குப் பயந்து தயங்கியதும், விசாரணைக்காரனிடம் போய், மரக்கறியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும் என்கிறான். தீர்மானத்தில் உறுதி, வழியில் பணிவு, கூடவே எதிராளியின் பயத்தையும் புரிந்துகொண்ட ஒரு மாற்று யோசனை. எஸ்தரும் அப்படியே. மூன்று நாள் உபவாசத்துக்குப் பிறகு ராஜாவுக்கு முன் போய் நின்றாலும், கோரிக்கையை அன்றே கொட்டிவிடவில்லை. இரண்டாவது விருந்தில்தான் வாயைத் திறக்கிறாள்.

உங்களுக்கும் அதே வரிசை. முதலில் மேலதிகாரியிடம் தனியாக, மரியாதையாக, ‘இதில் நான் கையெழுத்திட முடியாது, சரியான முறையில் முடிக்க நான் உதவுகிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னதையும் தேதியையும் எழுதி வையுங்கள். வருமானம் நின்றால் சில மாதம் எப்படி ஓட்டுவது என்று வீட்டில் முன்பே பேசுங்கள்; சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

வேலை போகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சாட்சிக் கூட்டங்களில் ‘மறுத்தேன், கர்த்தர் பதவி உயர்வு கொடுத்தார்’ என்பவர்களே மேடை ஏறுகிறார்கள். மறுத்து, வேலையிழந்து, இன்னும் கஷ்டப்படுகிறவர்களை யாரும் அழைப்பதில்லை. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் தங்களை எறியவிருந்த அக்கினிச் சூளைக்கு முன் நின்று, பாபிலோன் ராஜாவிடம் எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள்; விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். அந்த ‘போனாலும்’ இல்லாத விசுவாசம் ஒரு பேரமாகத்தான் இருக்கும்.

வீட்டில் அடி உதை. பொறுத்துக்கொண்டு அங்கேயே இருப்பதுதான் விசுவாசத்தின் தைரியம் என்று சபையில் சொல்கிறார்கள். சரியா?

தவறு. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்றால் வெளியேறுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. காவல்துறையை, பெண்கள் பாதுகாப்பு உதவி எண்ணை, நம்பகமான உறவினரை நாடுங்கள். மன்னிப்பது வேறு விஷயம். அதற்காக மறுபடியும் அடிவாங்கப் போய் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தப்பியோடுவது வேதத்தில் கோழைத்தனமாகப் பேசப்படவில்லை. சவுலின் ஈட்டிக்குத் தாவீது விலகி அன்றிரவே ஓடிப்போனான். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள். ‘ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்’ என்று சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23). இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக மரித்த சிமிர்னா சபையின் பேராயர் பொலிகார்ப்பும், நண்பர்கள் வற்புறுத்தியதால் முதலில் ஊரைவிட்டு ஒரு பண்ணைக்குத்தான் போனார், அங்கிருந்து இன்னொன்றுக்கு. பிடிபட்டபோது, வந்த சேவகருக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். 86 ஆண்டுகள் தமக்குத் தீங்கு செய்யாத ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்று சொன்ன அந்த மனிதரை யாரும் கோழை என்று சொன்னதில்லை.

பதற்ற நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ‘தேவன் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை’ என்று சொல்லி நிறுத்தச் சொல்கிறார்கள்.

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். 2 தீமோத்தேயு 1:7 நோய்க்குச் சிகிச்சை எடுக்காதே என்று சொல்லவில்லை. சிறையிலிருக்கும் பவுல், தன்னைக் குறித்தும் சுவிசேஷத்தைக் குறித்தும் வெட்கப்படாதே என்று ஓர் இளம் ஊழியருக்கு எழுதுவது அது. அதே தீமோத்தேயுவுக்கு, உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்றும் முந்தின நிருபத்தில் எழுதியிருக்கிறார். வசனத்தின் பாதியை எடுத்து நோயாளியின் மேல் எறிவது எளிது.

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளை எதிர்த்துத் தனியாக நின்றவர், யேசபேல் ராணி அனுப்பிய ஒரே கொலைமிரட்டலில் உடைந்துபோய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கோருகிறார். தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் கொடுத்தார். ஓரேபில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான். எலியாவைப் போலச் சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வந்தால், இன்றே மருத்துவரிடமோ கூட இருப்பவரிடமோ சொல்லுங்கள். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது சொன்னவர்களுக்குத் தெரியும்.

வயதான பெற்றோரைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இதில் தைரியம் என்ன இருக்கிறது, சலிப்புதான் இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தைரியத்தை இரண்டாகப் பார்த்தார்: எதிர்த்துத் தாக்குவது, அசையாமல் தாங்கி நிற்பது. இரண்டில் தாங்கி நிற்பதே முதன்மையானது, கடினமானது என்றார். உங்களுடையது அந்த வகை. சலிப்பு அதைக் குறைத்துவிடாது. ஒரு வாரம் மாற்றுக்கு ஆள் கேளுங்கள், கூச்சப்படாமல்.

என் விசுவாசத்தை மற்றவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

1 பேதுரு 3:15, நம்பிக்கையைக் குறித்து ‘விசாரித்துக் கேட்கிற’வர்களுக்குச் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. அவர்கள் கேட்கிறார்கள், நீங்கள் சொல்கிறீர்கள். பிறர் மதத்தை இழிவாகப் பேசுவதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தம் இல்லை. ‘நான் உங்களுக்காக ஜெபிக்கலாமா?’ என்று ஒருவரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் அதே அன்போடு பேச்சைத் தொடர்வது போதும்.

வெளிப்படுத்தின விசேஷம் 21:8-இல் அக்கினிக் கடலுக்குப் போகிறவர்களில் ‘பயப்படுகிறவர்கள்’ முதலில் வருகிறார்களே! படித்தால் தூக்கம் வரவில்லை.

அந்தப் புத்தகம் ரோம ஆட்சியில் ஆசியா மாகாணத்திலிருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. உயிரைக் காக்க கிறிஸ்துவை மறுதலித்து, தேவனை எதிர்க்கும் அதிகாரமாக அது காட்டும் மிருகத்தை வணங்கி, அங்கேயே நின்றுவிடுவதைத்தான் அது கண்டிக்கிறது. கைநடுங்கும் விசுவாசிகளிடம் அதே புத்தகம் பேசும் குரல் வேறு: ‘நீ படப்போகிற பாடுகளைக்குறித்து எவ்வளவும் பயப்படாதே’ (2:10). இந்த வசனத்தைப் படித்துத் தூக்கம் கெடுகிறதென்றால், நீங்கள் அவரை விட்டுப் போக விரும்பாதவர் என்றுதானே அர்த்தம்?

பேச வேண்டிய நேரத்தில் ஒருமுறை வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பேதுரு கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு அவருக்குக் காலை உணவு கொடுத்ததும் ஒரு கரிநெருப்பருகேதான். ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்டதும் மூன்று முறை. பெந்தெகொஸ்தே நாளில் பேசியவர் அவரே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிற்பாடு அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து, புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). அப்போஸ்தலனுக்கும் பழைய பலவீனம் திரும்ப வந்தது, திரும்பவும் திருத்தப்பட்டது.

இங்கிலாந்தின் பேராயர் தாமஸ் கிரான்மரும் சிறையில் பயந்து தன் நம்பிக்கையை மறுத்துக் கையெழுத்திட்டார், ஒருமுறைக்கு மேல். 1556 மார்ச் 21 அன்று எல்லார் முன்னும் அதைத் திரும்பப் பெற்று, தன்னை எரிக்க மூட்டிய நெருப்பில், கையெழுத்திட்ட வலதுகையை முதலில் நீட்டினார்.

உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. அன்று பேசாமல் விட்டதால் பாதிக்கப்பட்டவர் இருந்தால் அவரிடம் போய், ‘அன்று நான் பேசியிருக்க வேண்டும், மன்னியுங்கள்’ என்று சொல்லுங்கள். காலம் கடந்தும் சொல்லலாம்.

தைரியத்தைப் பழகிக்கொள்ள முடியுமா?

முடியும், கொஞ்சம் கொஞ்சமாக. 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரியில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸை, களைத்துப்போய்த் திடீரென்று பொங்கிய பெண்ணாகச் சித்தரிப்பது வழக்கம். உண்மையில் அவர் 1943 முதலே கறுப்பினத்தாரின் சம உரிமைக்காகப் போராடிய அமைப்பின் உள்ளூர்ச் செயலாளர், மெதடிஸ்ட் மரபுச் சபையில் ஊறியவர், 1955 கோடையில்தான் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்தவர். அவர் கைதான பிறகு தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. இரவுக் கூட்டங்கள் தேவாலயங்களில் நடந்தன. ஒரு மாலையில் தெரிந்த தைரியத்துக்குப் பின்னால் பல வருடப் பழக்கமும் ஒரு கூட்டம் மனிதர்களும் இருந்தார்கள்.

நீங்களும் சின்னதில் தொடங்குங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு உண்மை. பயம் வரும்போது சொல்ல ஒரு வசனத்தை மனப்பாடமாக வைத்திருங்கள், ஒன்று போதும். வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போங்கள். அங்கே உங்களைவிடப் பெரிய பாரங்களைச் சுமந்துகொண்டு பாடுகிறவர்களைப் பார்ப்பீர்கள்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, ஒருவரைத் துணைக்குக் கூப்பிடலாமா? கர்த்தர் மட்டும் போதும் என்கிறார்களே.

கூப்பிடுங்கள். எதிரியின் பாளயத்துக்குப் போகச் சொன்ன கர்த்தரே கிதியோனிடம், போகப் பயப்பட்டாயானால் உன் வேலைக்காரன் பூராவையும் கூட்டிக்கொண்டு போ என்றார். அடுத்த வசனத்தில் பூராவோடுதான் போகிறான். பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் வழியில், சகோதரர்கள் அப்பியுபுரம்வரைக்கும் மூன்று சத்திரம்வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கண்டு பவுல் ‘தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தான்’ என்கிறது அப்போஸ்தலர் 28:15. தரிசனங்கள் கண்டவருக்கும் மனித முகம் தேவைப்பட்டது.

பயந்துபோயிருக்கும் ஒருவருக்கு நான் என்ன சொல்வது?

‘பயப்படாதீங்க, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். அவர் விரும்பினால் சேர்ந்து சுருக்கமாக ஜெபியுங்கள். பிறகு தேதி கேளுங்கள்: பரிசோதனை என்றைக்கு, விசாரணை என்றைக்கு, அந்தக் கஷ்டமான பேச்சு என்றைக்கு. அன்று கூட வரட்டுமா என்று கேளுங்கள். வரட்டும் என்றால் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். வேண்டாம் என்றால் அன்று மாலை போன் செய்து, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.